ஒரு கோடு, மூன்று கை

பாலீஷ் அக்கா எந்த வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தாலும் முதல் வேலையாக லைட்டை அணைப்பார். ஜன்னல் கதவையும் சாத்தச் சொல்வார். மேடைக் கல்லில் கோடு விழுந்துவிட்டது, வந்து பார் என்று கூப்பிட்டவர்கள், வந்தவள் இருக்கிற வெளிச்சத்தையும் அணைக்கிறாளே என்று முழிப்பார்கள். அக்கா இடுப்பில் செருகியிருக்கும் சின்ன டார்ச்சை எடுத்து, சமையல் மேடைமேல் படுக்கவைத்து எரியவிடுவார். வெளிச்சம் கல்லோடு ஒட்டி ஓடும். ஒரு கோட்டுக்காகக் கூப்பிட்டவர்கள் கண்ணுக்கு அப்போது முப்பது கோடு தெரியும். "அய்யோ, இத்தனையா?" என்று வாயில் கைவைப்பார்கள்.

"எல்லாம் கோடு இல்லீங்க" என்று அக்கா குனிவார். கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொன்றின் குறுக்கேயும் இழுப்பார். நகம் வழுக்கிக்கொண்டு போனால் அது கோடில்லை, எவர்சில்வர் பாத்திரத்தின் அடி கல்லில் எழுதியது. கிரானைட் அவ்வளவு லேசில் கீறாது. பாத்திரம்தான் தேய்ந்து அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணியில் பொடி தொட்டுத் துடைத்தால் போய்விடும். நகம் எங்கே டக்கென்று மாட்டுகிறதோ, அதுதான் கோடு. மாட்டிய இடத்திலேயே நகத்தை வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் ஒரு கேள்வி கேட்பார்.

"இது யாரு போட்டதுன்னு சொல்றீங்க?"

யார் போட்டது என்று கேட்க மாட்டார். யார் போட்டதாகச் சொல்கிறீர்கள் என்றுதான் கேட்பார். எந்த வீட்டிலும் அதற்குப் பதில் தயாராக இருக்கும். மருமகள், வேலைக்காரம்மா, லீவுக்கு வந்த நாத்தனார். யாராவது ஒருவர் அந்த நேரத்தில் அடுப்படி வாசலில் சுவரை ஒட்டி நின்றுகொண்டிருப்பார்.

நான் அவரோடு பதினொரு மாதம் இருந்தேன். எனக்கு அது பெரிய காலம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பூரில் சாயப்பட்டறை, பாலக்காட்டில் மர மில், கரூரில் கொசுவலை, நடுவில் கொஞ்ச நாள் லாரியில் கிளீனர் என்று போய்க்கொண்டே இருந்தவன். பெரம்பலூரில் பஸ் மாற இறங்கினேன். பஸ் ஸ்டாண்டில் பையைத் திருட்டுக் கொடுத்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டேன். ஒரு டைல்ஸ் கடையில் லோடு இறக்கிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து, "வண்டி ஓட்டுவியா?" என்றார். மிஷின், ஒயர், வாளி, பேடு டப்பா எல்லாவற்றையும் மொபெட்டில் கட்டிக்கொண்டு ஒற்றை ஆளாய்ப் போக அவரால் முடியவில்லை. அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. அவருக்கும் அவ்வளவுதான் இருக்கும். எனக்கே ஒன்றிரண்டு கூட இருக்கலாம். முதல் நாளே அவர் "தம்பி" என்றுவிட்டார், நானும் "அக்கா" என்றுவிட்டேன். பிறகு மாற்றத் தோன்றவில்லை.

அவர் வீட்டுக்காரர் விஷயம் கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. பெரம்பலூரில் ஒரு வீட்டில், "அவரு சிங்கப்பூர்ல இருக்காருங்க" என்றார். குன்னத்தில் ஒரு அம்மா, புருஷனைப் பறிகொடுத்தவர், சும்மா விசாரித்தபோது, "எங்கூட்டுக்காரரும் தவறிட்டாருங்க" என்றார். ஏலாக்குறிச்சி போகிற வழியில் ஒரு வீட்டில், புருஷனை விட்டுவிட்டு வந்து தனியாக இருக்கும் பெண்ணிடம், "எனக்கும் ஒத்து வரலீங்க, போயிட்டு வான்னு அனுப்பிட்டேன்" என்றார்.

"இதுல எது நெசம்க்கா?" என்று வண்டியில் வரும்போது கேட்டேன்.

"ஒனக்கு எது வேணும்?" என்றார்.

மனிதர்கள் விஷயத்தில் இப்படி. கல்லுக்கு என்ன வேலை வேண்டும் என்பதில் ஒரு பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. மேடை முழுக்கத் தேய்க்கச் சொல்லி ஆசையாய்க் கூப்பிடுவார்கள். பொடி போட்டுத் துடைத்து, "மிஷினே வேணாங்க, போயிருச்சு" என்று வெளியே வந்துவிடுவார். ஒரு நாள் வேலை அப்படியே போகும். நான் முறைத்துக்கொண்டு வண்டியை உதைப்பேன்.

தேய்க்கிற வேலையிலும் அப்படித்தான். நான் முதன்முதலில் மிஷின் பிடித்தபோது, கோடு எங்கே இருக்கிறதோ அங்கேயே அழுத்திவைத்துத் தேய்த்தேன். கோடு போய்விட்டது. பெருமையாக நிமிர்ந்தேன். அக்கா டார்ச்சைப் படுக்கவைத்தார். அந்த இடம் தட்டு மாதிரி குழிந்து கிடந்தது.

"இதுக்கு அந்தக் கோடே தேவலையேப்பா. நாளைக்கு இந்தப் பள்ளத்துல தண்ணி நிக்கும்" என்று என்னைத் தள்ளிவிட்டு, சுற்றி நாலு சாணுக்கு ஆரம்பித்தார். சொரசொரப்பான ஐம்பதாம் நம்பர் தேய்ப்புப் பேடு, அப்புறம் நூறு, இருநூறு, நானூறு என்று மாற்றி மாற்றி, தண்ணீர் விட்டுவிட்டு, மழமழப்பான மூவாயிரம் வரைக்கும் போனார். சாயங்காலம் ஆகிவிட்டது. மிஷினை நிறுத்தியபோது அவருடைய வலது கை மரத்துப்போயிருந்தது. அது எப்போதும் நடப்பதுதான். மிஷின் அதிர்ந்து அதிர்ந்து, வேலை முடிந்த பிறகு அரைமணி நேரத்துக்கு அந்தக் கையில் டீ கிளாஸ்கூட நிற்காது. எடுக்கிறது வைக்கிறது எல்லாம் இடது கையால்தான். எனக்குப் பிறவியிலேயே இடது கை. டீக்கடையில் இரண்டு பேரும் இடது கையால் கிளாஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். "பீச்சாங்கை கம்பெனி வந்துருச்சு" என்று டீக்கடைக்காரர் கேலி செய்வார்.

வெள்ளிக்கிழமை மிஷினுக்குப் பொட்டு வைத்து, சூடம் காட்டாமல் ஸ்விட்சைப் போட மாட்டார். ஒருமுறை டைல்ஸ் கடைக்காரர், ஒரு கல்லின் விளிம்பு உடைந்திருந்ததற்காக, "நீ உடைக்கலன்னா சூடம் அணைச்சு சத்தியம் பண்ணு" என்று விளையாட்டுப்போலச் சொன்னார். அக்கா முகம் மாறிவிட்டது.

"நான் உடைக்கல. ஆனா இதுக்கெல்லாம் நான் சூடத்துல கை வைக்க மாட்டேன்."

"அப்ப ஒடச்சன்னுதானே அர்த்தம்?"

"அர்த்தம் நீங்க வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, தான் உடைக்காத விளிம்பை உட்கார்ந்து அரைநாள் சரிசெய்து கொடுத்தார்.

பெரம்பலூரில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கறுப்பு கிரானைட், அடுப்புக்குப் பக்கத்தில் நீளமாய்க் கோடு. மாமியார் நடுவீட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தார். "எங்க ஊர்ல கல்லைப் புருஷன் மாதிரி பாத்துக்குவோம். இது மகாராணி, அருவாமனைய அப்படியே மேடையில வச்சு இழுத்திருக்கு." மருமகள் சுவரை ஒட்டி நின்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை. பழகிப்போன முகம். அக்கா நகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "இது யாரும் போட்டதில்லீங்கம்மா. கல்ல அறுக்கயிலயே வர்றது. பாலீஷ் தேயத் தேய வெளிய தெரியும்" என்றார். மாமியார் நம்பாமல் நம்பினார். நாங்கள் தேய்த்துக் கொடுத்துவிட்டு வந்தோம்.

வண்டியில் நான் சும்மா இருக்கவில்லை. "அது அருவாமனைக் கால்தானேக்கா? எனக்கே தெரியுது."

"ஆமா."

"அப்ப மருமகதானே?"

"மாமியா" என்றார். "ஆரம்பத்துல அழுத்தி, பாதியில விட்டு, மறுபடி அழுத்தியிருக்கு. நடுங்குற கை. வளைவப் பாத்தா எந்தக் கைன்னு தெரியும், ஆழத்தப் பாத்தா எந்த வயசுன்னு தெரியும். நீ எங்கடா பாக்குற, டீ எப்ப வரும்னு பாக்குற."

நான் வண்டியை ஓரங்கட்டிவிட்டேன். "அந்தம்மாவேதான் போட்டுட்டு அந்தம்மாவே திட்டுதா? மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லிட்டு நம்ம வந்துருவோம். ராத்திரி சோறு அந்த ரெண்டு பேருதானே ஆக்கணும்?"

பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் சுவரை ஒட்டி நின்ற அந்தப் பெண்ணுக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லையே. அக்கா அப்படிச் சொன்ன பிறகும் அவள் நாம்தான் போட்டோமோ என்று நினைத்துக்கொண்டிருப்பாளோ என்னவோ. அக்கா செய்தது நல்லதா கெட்டதா என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

அரியலூர் டீச்சரம்மா வீட்டுக்கு நாங்கள் இரண்டு தடவை போனோம். ரிட்டயர் ஆன டீச்சர். சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, புழுதி வராத இடத்தில் புது வீடு. வெள்ளை வெளேரென்று போர்சலின் மேடை. ஒரே பலகை, அதில் சாம்பல் நிறத்தில் நரம்பு ஓடியிருக்கும். முதல் தடவை, அடுப்புக்காக அறுத்த இடத்தின் விளிம்பை நைஸ் பண்ணுவதற்காகப் போனோம். அப்போதே அக்கா அறுத்த ஓரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம், "இது மேல மட்டும்தான் தம்பி. உள்ள வேற கலரு. கோடு விழுந்தா தேய்க்க முடியாது. பூச்சு போயிரும்" என்றார்.

அந்த வீட்டில் ஆரோக்கியம் என்று ஒரு அம்மா வேலை பார்த்தார். ஏலாக்குறிச்சிக்காரர். பதினோரு வருஷமாக அங்கேயே வேலை. கொல்லைப்புறத்தில் ஒரு ரூம், அதில் அவரும் நர்சிங் படிக்கிற அவர் மகளும். அவருக்கு வேலையும் அதுதான், வீடும் அதுதான்.

இரண்டு மாதம் கழித்து டீச்சரம்மா மறுபடி கூப்பிட்டார். கோடு ஒரு சாண் நீளம். தொட்டிப் பக்கம் ஆழமாய்த் தொடங்கி, சுவர்ப் பக்கம் வளைந்து மெலிந்து போயிருந்தது. ஆரோக்கியம் வாசலில் நின்றார். கொல்லை ரூமுக்கு வெளியே இரண்டு மூட்டை கட்டி வைத்திருப்பதை நான் வரும்போதே பார்த்துவிட்டேன்.

"தேய்க்கிறதப் பத்தி அப்பறம் பேசலாம்" என்றார் டீச்சரம்மா. "நீ பாத்தாலே யாரு போட்டதுன்னு சொல்லிருவியாமே. டைல்ஸ் கடையில சொன்னாங்க. நான் யாரையும் அநியாயமா அனுப்பக் கூடாதுன்னுதான் ஒன்னக் கூப்பிட்டேன். சொல்லு."

அக்கா லைட்டை அணைத்தார். டார்ச்சைப் படுக்கவைத்தார். நகம் மாட்டியது. அந்தத் தடவை மட்டும் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

"கம்பெனியிலயே வந்ததுங்க" என்றார்.

டீச்சரம்மா போனை நீட்டினார். பலகை பதித்த அன்று எடுத்த போட்டோ. பெரிதாக்கிக் காட்டினார். அந்த இடம் பளிச்சென்று இருந்தது. "இதுல எங்க கோடு?"

அக்கா டார்ச்சை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். 

டீச்சரம்மா பூஜை மாடத்திலிருந்து சூடம் கொண்டுவந்து மேடைமேலேயே வைத்து ஏற்றினார். "ஆரோக்கியம், நீ போடலன்னா அணைச்சுட்டுச் சொல்லு. முடிஞ்சுது."

"நாங்க வேதக்காரங்கம்மா, சூடம் அணைக்க மாட்டோம். அடைக்கல மாதா மேல வேணா சொல்றேன்."

"பதினோரு வருஷம் இந்த வூட்ல தின்ன சோறு உனக்கு வேற, சத்தியம் வேறயா?"

ஆரோக்கியம் தலையைக் குனிந்துகொண்டார். சூடம் எரிந்துகொண்டிருந்தது. அக்கா ஒருமுறை கதவுப் பக்கம் பார்த்தார். அங்கே நான் வாளியோடு நின்றிருந்தேன். என்னைப் பார்த்தாரா, எனக்குப் பின்னால் தெரிந்த மூட்டைகளைப் பார்த்தாரா, தெரியாது. அப்புறம் உள்ளங்கையைச் சூடத்தின்மேல் பட்டென்று வைத்து அணைத்தார்.

"நாந்தாங்க போட்டேன். போன தடவ மிஷின எறக்கி வைக்கயில இழுபட்டுச்சு."

டீச்சரம்மா அணைந்த சூடத்தைப் பார்த்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினார். "அப்ப ஏன் அன்னிக்கே சொல்லல?"

"பயந்துட்டேங்க."

பயந்த முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது அந்த முகம் இல்லை. சூடக் கரியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, "இத எடுக்க முடியாதுங்க. தேய்ச்சா மேல இருக்குற பூச்சு போயி, இன்னும் அசிங்கமா தெரியும். மேல எதையாவது விரிச்சுக்குங்க" என்றார். டீச்சரம்மா எங்கள் எதிரிலேயே டைல்ஸ் கடைக்குப் போன் போட்டார்.

அந்தக் கோட்டைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. முதல் தடவை வந்தபோது என் போன் அடித்தது. கையில் மிஷின் இருந்தது. மிஷினைச் சாக்குமேல்தான் வைக்க வேண்டும், அது அக்காவின் சட்டம். சாக்கு நனைந்து ஓரமாய்க் கிடந்தது. நான் மிஷினை எங்கே வைத்தேன்? மேடையில் வைத்த மாதிரியும் இருந்தது, தரையில் வைத்த மாதிரியும் இருந்தது. எந்தக் கையால் வைத்தேன் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. அந்தக் கோட்டின் வளைவு இடது கை வளைவு.

வண்டியில் கேட்டேன். "அக்கா, அது நான் போட்டதா?"

"எது?"

"அந்தக் கோடுதான்."

"சூடம் அணைச்சது யாரு, நீயா நானா?"

மறுநாள் கேட்டேன். "ஆரோக்கியம் போட்டாங்களா?" அதற்கு, "அந்தம்மா மூட்டைய அவுத்துட்டாங்களாம்" என்றார். மூன்றாவது தடவை கேட்டபோது, "நான் பொய்ச் சத்தியம் பண்ணுவேன்னு நெனக்கிறியா?" என்று திருப்பிக் கேட்டார். கோபமாகக் கேட்டாரா, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாரா என்று புரியவில்லை.  அவர் வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் இடது கையால்தான் தூக்கிவைப்பார் என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

டைல்ஸ் கடை அதன் பிறகு எங்களைக் கூப்பிடவில்லை. மற்ற கடைகளுக்கும் சேதி போய்விட்டது. போட்ட கோட்டை மறைத்தவள் என்று பெயர். இரண்டு மாதம் வாரத்துக்கு ஒரு வேலை, பிறகு அதுவும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை மிஷினுக்குச் சூடம் காட்டிவிட்டு, ஸ்விட்ச் போட ஒன்றுமில்லாமல் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். மறுவாரம் நான் திருச்சி பஸ் ஏறினேன். நான் எங்கேயும் சொல்லிக்கொண்டு கிளம்புகிறவன் இல்லை. அன்றைக்கும் சொல்லவில்லை.

மூன்று வருஷம் சுற்றிவிட்டு அரியலூரிலேயே வந்து விழுந்தேன். இப்போது வீடுகளுக்குக் கேஸ் சிலிண்டர் போடுகிறேன். போன மாதம் ஒரு சீட்டில் டீச்சரம்மா வீட்டு விலாசம் இருந்தது. கதவைத் திறந்தது ஆரோக்கியம்.

"பாலீஷ் அக்காகூட வந்தவங்கதானே நீங்க?"

அடுப்படியில் அந்த மேடை அப்படியே இருந்தது. கோடு இருந்த இடத்தில் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் உப்பு ஜாடி. நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். ஜாடியை நகர்த்தி விரிப்பைத் தூக்கினார்.

"அந்தக்கா எங்க இருக்குண்ணே?"

"தெரியலம்மா. பெரம்பலூர்ல கேட்டேன். துறையூருங்கிறாங்க, காரைக்காலுங்கிறாங்க. வூட்டுக்காரரு சிங்கப்பூர்லேர்ந்து வந்து கூட்டிட்டுப் போயிட்டாருன்னும் சொல்றாங்க."

ஆரோக்கியம் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாதீங்க. அது நான் போட்டதாத்தான் இருக்கும். அந்த வாரம் இட்லிக் குண்டான இழுத்தேன், தூக்க முடியாம. அதான் சூடத்துல கை வைக்கல. வேதக்காரங்கங்கிறதும் நெசம்தான். ஆனா மாதா மேல சொல்றேன்னேனே, சொல்லியிருக்க மாட்டேன்."

"எந்தக் கையால இழுத்தீங்க?"

"எனக்கு ரெண்டு கையும் வரும்ணே. பாத்திரம் பண்டம்னா இது" என்று இடது கையைத் தூக்கினார்.

"நானும் நாந்தான் போட்டேன்னுதாம்மா நெனச்சுக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

"யாரு, என்ன போட்டா?" என்று பின்னாலிருந்து குரல். டீச்சரம்மா. முன்னைக்கு இப்போது இளைத்திருந்தார். நடக்க ஒரு ஸ்டிக். விரிப்பு விலகியிருப்பதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், யார் என்று பிடிபட்டுவிட்டது.

"நீ அவகூட வந்தவன்தானே? அவள நான் கெட்டவள்னு சொல்ல மாட்டேன். செஞ்சத ஒத்துக்கிட்டா. ஆனா மறைச்சா பாரு, அதான் எனக்கு..."

"அம்மா, அந்தக் கோடு நான் போட்டது" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. "மிஷின நாந்தான் எறக்கி வச்சேன்."

"இல்லம்மா" என்றார் ஆரோக்கியம், அதே மூச்சில். "அண்ணனுக்குத் தெரியாது. நாந்தான். இட்லிக் குண்டான்."

டீச்சரம்மா இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "ஒரு கோட்ட எத்தன பேரு போடுவீங்க?"

டீச்சரம்மா ஸ்டிக்கை ஊன்றிக் கோட்டருகே வந்தார்.

"அப்ப அவ எதுக்கு அணைச்சா?"

எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.  டீச்சரம்மா ஸ்டிக்கை மேடையில் சாத்தினார். கையை நீட்டிச் சுவரில் இருந்த ஸ்விட்சை அணைத்தார். "ஜன்னலச் சாத்து ஆரோக்கியம்" என்றார். போனில் டார்ச்சைப் போட்டு மேடைமேல் படுக்கவைத்தார். மெதுவாகக் குனிந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கட்டைவிரல் நகத்தைக் கோட்டின் குறுக்கே இழுத்தார்.

"மாட்டுது" என்றார்.

நகத்தை எடுக்கவில்லை. தலையையும் தூக்கவில்லை. "அவ நம்பரு யாருகிட்டயாவது இருக்கா?" என்று கல்லைப் பார்த்தபடியே கேட்டார்.

நானும் ஆரோக்கியமும் அடுப்படி வாசலில், சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தோம்.